வன்னியில் வால்வு அம்பிளிபயர்: முதலில் ரான்ஸ்போமர், பிறகு சர்க்கியூட்

கிற்றாருக்கு வால்வு (கண்ணாடிக் குழாய்) அம்பிளிபயர் கட்ட ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பெடியள் பெரும்பாலும் ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். "அண்ணை, மார்ஷல் ஜேரிஎம்45 கட்டுவம்." "அண்ணை, வொக்ஸ் ஏசி30 மாதிரிக் கேக்க வேணும்." கைபேசியில் வரைபடம் தயாராக இருக்கும். வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுபது வருடங்களாக உலகம் முழுவதும் கட்டிப் பார்த்த சர்க்கியூட்டுகள் அவை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, ரான்ஸ்போமர் எங்கை எடுக்கப் போறாய்?"

அதற்குப் பதில் கிடைக்கும் வரை வால்வைப் பற்றியோ ஓசையைப் பற்றியோ பேசிப் பயனில்லை. ரெசிஸ்டரும் கொண்டென்சரும் கிளிநொச்சியில் கிடைக்கும். இல்லாததை யாழ்ப்பாணத்திலோ கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலோ எடுக்கலாம். வால்வு இலேசான சாமான். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வருகிற சொந்தக்காரரின் பையில், துணிக்குள் சுற்றிப் பத்திரமாக வந்து சேரும். ரான்ஸ்போமர் இரும்பும் செம்பும். ஏசி30க்கு உரிய மெயின்ஸ் (வீட்டுக் கரண்டை எடுப்பது), அவுட்புட் (ஸ்பீக்கரை ஓட்டுவது) இரண்டையும் சேர்த்தால் கிலோக் கணக்கில் வரும். அதை யார் காவி வருவார்கள்? தபாலில் எடுப்பித்தால் அம்பிளிபயர் முழுவதற்கும் ஒதுக்கிய காசு அதற்கே போய்விடும். 2022 இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய பிறகு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிவிட்டது.

எடுத்தாலும் கதை முடியவில்லை. அது ஒருநாள் எரிந்தால் மறுபடி அதே அலைச்சல். அதனால் என் தேர்வுமுறை நேர்மாறாக ஓடுகிறது. எந்தப் பாகம் எரிந்தால் ஊருக்குள் மாற்ற முடியாதோ, அந்தப் பாகத்தைக் காப்பாற்றுகிற சர்க்கியூட்டைத்தான் நான் கட்டுவேன். ஓசை அதற்குப் பிறகு. இப்படிச் சொன்னால் சிலருக்கு முகம் வாடும். ஆனால் இப்படிக் கட்டியவை நன்றாகவே ஒலிக்கின்றன. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இங்கே இரும்பு எங்கே இருக்கிறது? முதலாவது இடம், பழைய வால்வு றேடியோ. இலங்கை வானொலி கேட்பதற்காக 1950களிலும் 60களிலும் வாங்கிய பிலிப்ஸ், குறுண்டிக் பெட்டிகள். போர்க்காலத்தில் நீண்ட வருடங்கள் வன்னிக்கு மின்வலைக் கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சின்ன ட்ரான்சிஸ்டர் றேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. டைனமோ தருவது மூன்று வாட். ஈஎல்84 என்ற ஒரே ஒரு வால்வின் ஹீற்றருக்கே, அதாவது உள்ளே சூடேறும் இழைக்கே, ஏறக்குறைய ஐந்து வாட் வேண்டும். எனவே வால்வுப் பெட்டிகள் மூலைக்குப் போயின. இடப்பெயர்வுகளில் பல பெட்டிகள் வீட்டோடு போயின. மீளக்குடியேறிய பிறகு பழைய இரும்பு எடுப்பவர்கள் தராசோடு ஊர் ஊராக வந்தார்கள். செம்புக்காக ரான்ஸ்போமர்கள் உடைபட்டன. எஞ்சியவை கொஞ்சம். அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: திருத்தக்கூடிய றேடியோவைக் கிற்றாருக்காக உடைக்க நான் உடன்படமாட்டேன். கபினற்றைச் செல்லரித்து, டயல் கண்ணாடி நொறுங்கி, சுருள்கள் அறுந்து, இனி றேடியோவாகப் பாடவே முடியாதது என்றால் மட்டும் கையை வையுங்கள்.

அப்படி ஒன்று கிடைத்தால் உள்ளே பெரும்பாலும் இருப்பது ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈஏபிசி80, ஈஎல்84, ஈஇசெட்80. கடைசி இரண்டும்தான் நமக்குப் பொன்: ஈஎல்84 ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் வால்வு, ஈஇசெட்80 ஏசியை டிசியாக்குகிற ரெக்ரிபயர். 1960களின் தொடக்கத்தில் வந்த சின்ன வொக்ஸ் ஏசி4ஐ எடுத்துப் பாருங்கள்: ஈஎஃப்86, ஈசிசி83, ஈஎல்84, ஈஇசெட்80. முன்பகுதி வேறு, பவர்ப் பகுதி றேடியோவில் இருப்பதேதான். அதாவது மெயின்ஸ் ரான்ஸ்போமர், ரெக்ரிபயர், அவுட்புட் வால்வு, அதற்குப் பொருந்திய அவுட்புட் ரான்ஸ்போமர் எல்லாம் ஒரே பெட்டியில் ஏற்கெனவே இணக்கமாக இருக்கின்றன. கட்டவேண்டியது முன்பகுதி மட்டும்.

ஆனால் அந்தப் பெட்டியின் உள்ளே கையை வைக்க முன்னர் வால்வுகளின் பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். 'ஈ' என்று தொடங்கினால் 6.3 வோல்ட் ஹீற்றர். மெயின்ஸ் ரான்ஸ்போமர் இருக்கும். 'யூ' என்று தொடங்கினால் (யூசிஎல்82, யூஎல்84, யூவை85) ஹீற்றர்கள் எல்லாம் 100 மில்லிஅம்பியரில் தொடராக மெயின்ஸிலேயே மாட்டப்பட்டிருக்கும். சேசிஸ் என்கிற உலோகச் சட்டம் நேராக மெயின்ஸின் ஒரு வயரோடு இணைந்திருக்கும். கிற்றாரின் கம்பிகள் ஜாக் வழியாக அம்பிளிபயரின் சேசிஸோடு சேர்ந்தவை. பிளக் மாறிச் செருகப்பட்டால் 230 வோல்ட் கம்பியில் நிற்கும், வாசிப்பவர் விரலில் நிற்கும். அந்த வகைப் பெட்டியின் சர்க்கியூட்டை எந்த நிலையிலும் கிற்றாருக்கு எடுக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

றேடியோ கிடைக்காதவர்களுக்கு வேறு இரண்டு வழி உண்டு. இரண்டும் நம்முடைய ஊர்களுக்கு மிகப் பொருத்தமானவை.

மெயின்ஸ் ரான்ஸ்போமருக்குப் பதிலாக இரண்டு சாதாரண 12 வோல்ட் ரான்ஸ்போமர்களை முதுகுக்கு முதுகு மாட்டலாம். முதலாவது 230ஐ 12 ஆக்கும். அந்தப் 12ஐ இரண்டாவதின் 12 வோல்ட் பக்கத்தில் கொடுத்தால் மறுபக்கத்தில் 230க்குக் குறைவாக, சுமையோடு 200 வோல்ட் அளவில் வரும். இழப்பை ஈடுசெய்ய 12 வோல்ட் பக்கத்தின் சுற்று எண்ணிக்கையைக் கூட்டி வைத்திருப்பார்கள். திருப்பி மாட்டும்போது அது எதிராக வேலைசெய்வதால்தான் இந்தக் குறைவு. நமக்கு அது அருள். 200 வோல்ட் ஏசியை டயோட் பிரிட்ஜில் கொடுத்து வடிகட்டினால் உச்சம் 280 வோல்ட்; வேலை செய்யும்போது 260 அளவு. ஈஎல்84 விரும்புவது 250. இதைவிடப் பொருத்தம் தேடவேண்டியதில்லை. முதலாவது 6-0-6 வகை (இரண்டு ஓர வயர்களுக்கு இடையே 12 வோல்ட், நடுவயரிலிருந்து 6), 5 அம்பியர். இரண்டாவது 12 வோல்ட், 3 அம்பியர் போதும். ஹீற்றருக்கு முதலாவதின் அரைப்பகுதி 6 வோல்ட். 6.3க்கு 6 என்பது ஐந்து வீதக் குறைவு. வால்வுகள் பத்து வீதம் வரை பொறுக்கும். நடுவயரைச் சேசிஸில் கட்டாமல், ஹீற்றரின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு அந்தச் சந்தியை நிலத்துக்கு இணையுங்கள்; இரைச்சல் கணிசமாகக் குறையும்.

இந்த 12 வோல்ட் ரான்ஸ்போமர் பற்றறி சார்ஜருக்குள் இருப்பதுதான். எரிந்தால் மறுநாள் மாற்றலாம். இல்லாவிட்டால் நீர்ப்பம்பி மோட்டருக்குக் கொயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோகலாம். வயல் இருக்கிற ஊரில் கொயில் கட்டுபவர் இல்லாமல் இராது. அவர்களுக்கு மெயின்ஸ் ரான்ஸ்போமர் சுற்றுவது பெரிய வேலையல்ல. கணக்கை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். 50 ஹேர்ட்ஸுக்கு, இரும்புக் கருவின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர சென்ரிமீற்றரில் அளந்து, 45ஐ அதால் வகுத்தால் ஒரு வோல்டுக்கு எத்தனை சுற்று என்பது வரும். பத்துச் சதுர சென்ரிமீற்றர் கரு என்றால் வோல்டுக்கு நாலரைச் சுற்று. 230 வோல்டுக்கு 1035. இது குளிர்ந்து ஓடுகிற, நிதானமான கணக்கு. வெயில் 35 பாகையில் நிற்கிற இடத்தில் அந்த நிதானம் தேவை. அமெரிக்காவில் வாங்கிய 60 ஹேர்ட்ஸ் ரான்ஸ்போமரை இங்கே மாட்டினால் அதே வோல்டுக்குக் கருவில் காந்தம் ஐந்திலொரு பங்கு கூடும், அதனால் கூடுதலாகச் சுடும். யாராவது அன்பாகக் கொண்டுவந்து தந்தாலும் 50 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அவுட்புட் ரான்ஸ்போமர்தான் உண்மையான சிக்கல். மெல்லிய வயரை ஆயிரக்கணக்கில், அடுக்கு மாற்றி அடுக்குச் சுற்றவேண்டும். மோட்டர்க் கடையில் எல்லோருக்கும் அது கைவராது. இதற்கு விடை கோயில் திருவிழாவில் இருக்கிறது. தென்னையிலும் வேம்பிலும் கட்டுகிற லவுட்ஸ்பீக்கர் ஹோர்னுக்குள் 100 வோல்ட் லைன் ரான்ஸ்போமர் ஒன்று இருக்கும். அதில் 10 வாட், 5 வாட், 2.5 வாட் என்று முனைகள் குறித்திருப்பார்கள். 100ஐ 100ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் அந்த முனையின் இம்பீடன்ஸ், அதாவது ஏசிக்குக் காட்டும் தடை: 2.5 வாட் முனை 4000 ஓம், 2 வாட் முனை 5000 ஓம். ஈஎல்84 ஒன்றுக்குத் தரவுத்தாள் சொல்வது 4500 முதல் 5200 ஓம். நம் சவுண்ட் சேர்விஸ்காரரின் உடைந்த ஹோர்ன் குவியலில் கிற்றார் அம்பிளிபயரின் மிக விலையுயர்ந்த பாகம் கிடக்கிறது.

ஒரு குறை உண்டு. தனி வால்வின் நேரோட்டம், 40, 50 மில்லிஅம்பியர், எந்நேரமும் அந்தச் சுருளினூடாக ஓடும். லைன் ரான்ஸ்போமரை அதற்காகச் செய்யவில்லை. கருவில் காற்றிடைவெளி இல்லை, காந்தம் நிரம்பிவிடும், அடித்தொனி சுருங்கும். பரிகாரம் இரண்டு. தேவைக்கு மேல் பெரியதாக, 10 வாட் அல்லது 20 வாட் வகையாக எடுங்கள். பொறுமை இருந்தால் தகடுகளைக் கழற்றி, ஈ வடிவத் தகடுகளை ஒரு பக்கமும் ஐ வடிவத் தகடுகளை மறுபக்கமுமாக அடுக்கி, நடுவில் மெல்லிய தாள் ஒன்றை வைத்து இறுக்குங்கள். மிச்சக் குறையைச் சர்க்கியூட்டில் சரிசெய்யலாம்: கிற்றாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹேர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ளதை ரான்ஸ்போமருக்குப் போக முன்பே வெட்டிவிட்டால் கரு நிரம்புவது குறையும். ஈஎல்84இன் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) 470 கிலோஓம் போட்டு, முந்திய கட்டத்திலிருந்து 0.022க்குப் பதில் 0.0047 மைக்ரோபரட் கொண்டென்சர் போட்டால் வெட்டு 72 ஹேர்ட்ஸில் விழும். முதற்கட்ட வால்வின் கதோட்டில் (எலெக்ட்ரோன் புறப்படும் முனை) வழமையான 25 மைக்ரோபரட்டுக்குப் பதில் 1 மைக்ரோபரட். ஓசை மெலியும் என்று பயப்பட வேண்டாம். பேஸ் கிற்றாரும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கும்போது கிற்றார் தனியாகத் தெளிந்து கேட்பது இப்படிச் செய்தால்தான்.

றேடியோவிலிருந்து கழற்றிய, பெயர் தெரியாத அவுட்புட் ரான்ஸ்போமரை அளப்பதும் எளிது. ஸ்பீக்கர்ப் பக்கத்தில் 1 வோல்ட் ஏசி கொடுத்து மறுபக்கத்தை அளவுங்கள். 36 வோல்ட் வந்தால் விகிதம் 36. அதை வர்க்கித்து 4 ஓம் ஸ்பீக்கரால் பெருக்கினால் 5184 ஓம். ஈஎல்84க்கு எழுதி வைத்தது போல. 6 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் 216 வோல்ட் நிற்கும் என்பதை மறக்காதீர்கள்.

இனிச் சர்க்கியூட். பெண்டரின் சாம்ப் 5எஃப்1 இந்த வகையில் பெயர்பெற்றது: 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 ஒன்று, 5வை3 ரெக்ரிபயர், ஐந்து வாட் அளவு. அதன் எளிமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் வன்னியில் நான் 6வி6ஐ விட ஈஎல்84ஐயே எடுப்பேன். ஊரில் கிடைக்கும் இரும்பு அதற்குப் பொருந்துகிறது என்பது ஒன்று. அதன் கிரிட்டுக்குக் குறைந்த சிக்னல் போதும் என்பது மற்றது: முழு வலுவுக்கு ஈஎல்84 கேட்பது 4.3 வோல்ட், 6வி6 ஒன்பது வோல்டுக்குக் கிட்டக் கேட்கும். கிற்றார் பிக்கப் தருவது நூறு, இருநூறு மில்லிவோல்ட். ஈசிசி83 ஒரே குழாய்க்குள் இரண்டு வால்வு. அதன் ஒரு பாதி அறுபது மடங்கு கூட்டும். ஒரே ஒரு கட்டத்தோடு ஈஎல்84 ஏறக்குறைய முழுவதும் எழும்பிவிடும். அதனால்தான் பழைய றேடியோவின் கிராமபோன் துளையில் கிற்றாரைச் செருகினாலே துப்புரவான ஓசை வருகிறது. இரண்டாவது பாதியையும் சேர்த்தால் உடைந்து முறுகும் ஓசை தாராளமாகக் கிடைக்கும். எபிபோன் வால்வ் ஜூனியர் இதே இரண்டு வால்வோடுதான் வந்தது, ஐந்து வாட்.

12ஏஎக்ஸ்7, ஈசிசி83 இரண்டும் ஒன்றே. சோவியத் 6பி14பி, ஈஎல்84க்குப் பதிலாக நேராகப் பொருந்தும். 6என்2பி பொருந்தாது, ஹீற்றர் முனைகள் வேறு. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி ஈசிசி83இன் சொக்கற்றில் செருகிவிடாதீர்கள்.

வால்வில் ஓடும் கரண்டை நிர்ணயிக்கிற பயஸ் முறையில் எனக்கு மறுபேச்சு இல்லை: கதோட்டு பயஸ். கிரிட்டுக்குத் தனியாக எதிர் வோல்ட் கொடுக்கிற ஃபிக்ஸ்ட் பயஸில் அந்த வோல்டைத் தரும் சின்னக் கொண்டென்சரோ ரெசிஸ்டரோ போனால், அனோட்டு (எலெக்ட்ரோன் போய்ச் சேரும் தகடு) சிவந்து, வால்வும் போய், அதன் பின்னால் அவுட்புட் ரான்ஸ்போமரும் போகும். பத்து ரூபாய்ச் சாமானால் மாற்றமுடியாத பாகம் சாகிறது. கதோட்டு பயஸில் கரண்ட் கூடினால் கதோட்டு வோல்ட் தானே ஏறி அதைக் கட்டுப்படுத்தும். கதோட்டு ரெசிஸ்டர் எவ்வளவு? தரவுத்தாள் 250 வோல்டுக்கு 135 ஓம் என்கிறது. அதில் அனோட்டுக்கு 48 மில்லிஅம்பியர், 12 வாட். வால்வின் எல்லையே அதுதான். மெயின்ஸ் ஒரே இடத்தில் நிற்கிற நாட்டுக்கு எழுதிய எண் அது. இங்கே பின்னேரம் எல்லோரும் பம்பி போட்டால் வோல்ட் விழும், நடுச்சாமத்தில் ஏறும். நான் 180 ஓம், 5 வாட் போடுவேன். போட்டபின் அளக்கவேண்டும்: ரெசிஸ்டருக்குக் குறுக்கே 8.1 வோல்ட் இருந்தால் 45 மில்லிஅம்பியர். அதில் பத்திலொன்று ஸ்கிரீன் என்ற இன்னொரு கிரிட்டுக்குப் போகும். மீதி 40ஐ அனோட்டுக்கும் கதோட்டுக்கும் இடைப்பட்ட 240 வோல்டால் பெருக்கினால் 9.6 வாட். எல்லைக்குள் நிம்மதியாக நிற்கிறது. கொஞ்சம் வலு இழப்போம். காதுக்கு அது தெரியாது. வால்வு மட்டும் கூடுதல் காலம் இருக்கும்.

பாகங்களில் ஆபத்தானது எது என்று கேட்டால், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கொண்டென்சர் என்பேன். பழைய றேடியோவின் மெழுகுத்தாள், தார் பூசிய கொண்டென்சர்கள் மாரியில் ஈரம் குடித்துக் கசியும். கசிந்தால் முந்திய அனோட்டின் நேர் வோல்ட் ஈஎல்84இன் கிரிட்டுக்கு வரும். பிறகு நடப்பது மேலே சொன்ன அதே சிவப்பு. அதனால் றேடியோ எந்த நிலையில் கிடைத்தாலும் முதலில் வெட்டி எறியவேண்டியது அதை. புதிய பொலியெஸ்ரர் அல்லது பொலிபுரோப்பிலீன், 630 வோல்ட். எறிந்த பழைய குழாய் ரி.வி. போர்டுகளில் இவை நிறைய உண்டு. சோல்டர் உறிஞ்சியாலே கழற்றலாம். "வாசனை" உள்ள பழைய கொண்டென்சர்தான் ஓசைக்கு நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வன்னியின் ஐப்பசி, கார்த்திகையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். காபன் கொம்பொசிசன் ரெசிஸ்டருக்கும் இதே பதில்: ஈரத்தில் பெறுமானம் நகரும், முதற்கட்டத்தில் சீறும். மெற்றல் பிலிம், ஒரு வாட். சின்ன ரெசிஸ்டர்கள் வெப்பத்தைத் தாங்கினாலும் 300 வோல்டைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும்.

வடிகட்டும் எலெக்ட்ரோலைற்றிக் கொண்டென்சர் புதிதாக, 105 பாகை வகையாக, 400 வோல்டுக்குக் குறையாமல். வெப்பம் பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. ஈஎல்84க்குப் பக்கத்தில் நெருக்கி வைக்காதீர்கள். ஈஇசெட்80 பாவித்தால் முதற் கொண்டென்சர் 50 மைக்ரோபரட்டைத் தாண்டக்கூடாது, ரெக்ரிபயர் தாங்காது. நான் பெரும்பாலும் 1என்4007 டயோட் நான்கைப் போட்டு, அதற்குப் பின்னால் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைப்பேன். அழுத்தி வாசிக்கும்போது வோல்ட் கொஞ்சம் இறங்கி ஏறும் அந்த மென்மை, ரெக்ரிபயர் வால்வில் பலர் விரும்புவது, இதில் பெருமளவு வந்துவிடுகிறது. ஈஇசெட்80 தேடி அலையவும் வேண்டாம்.

ஐந்து வாட் போதுமா என்பது அடுத்த கேள்வி. ஸ்பீக்கரைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கார் ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாட்டுக்கு 88 டெசிபெல் தரும். நல்ல கிற்றார் ஸ்பீக்கர் 98 தரும். பத்து டெசிபெல் என்பது வலுவில் பத்து மடங்கு. 98 டெசிபெல் ஸ்பீக்கரில் ஐந்து வாட், 88 டெசிபெல் ஸ்பீக்கரில் ஐம்பது வாட்டுக்குச் சமன். வாட்டைத் துரத்துகிறவர்கள் அந்தக் காசை ஸ்பீக்கரில் போடட்டும். கிராமத்துத் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஐந்து வாட் அங்கிருப்போருக்குத் தாராளம். திருவிழா மேடை என்றால் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் ஒன்றை வைத்தால் மீதியைச் சவுண்ட் சேர்விஸ்காரர் பார்த்துக்கொள்வார். கபினற்றுக்கு வேம்புப் பலகை நல்லது, கறையான் இலகுவில் அண்டாது.

நிலத்தொடர்பைப் பற்றி நீளமாகவே சொல்லவேண்டும். சேசிஸை மூன்றாவது வயரால் நிலத்தோடு சேர்க்காத அம்பிளிபயரை என் கையால் யாருக்கும் கொடுப்பதில்லை. வாங்கிக்கொண்டு போய் நில முள்ளை உடைத்து இரண்டு துளையில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். சுவரில் மூன்று துளை இருப்பதால் நிலம் இருக்கிறது என்றும் ஆகாது. ஆடி, ஆவணியில் மண் காய்ந்து வெடித்திருக்கும்போது நிலக் கம்பியின் தடை ஏறிவிடும். கம்பியடியில் தண்ணீர் ஊற்றிவைக்கிற பழைய பழக்கம் சரியானது. ஜெனரேற்றரில் நடக்கும் நிகழ்ச்சியில் பல இடத்தில் நிலக் கம்பியே அடித்திருக்கமாட்டார்கள். கிற்றாரின் கம்பியில் விரலும் பாட்டு மைக்கில் உதடுமாக நிற்கிறவருக்குத்தான் அந்த வித்தியாசம் முழுவதும் பாயும். வாசிக்க முன் மல்ரிமீற்றரை ஏசியில் வைத்து, கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் இடையே அளந்துவிடுங்கள்.

வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறது, பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு: ரான்ஸ்போமருக்கு அப்பால் உள்ள 260 வோல்டில் கையை வைத்தால் ட்ரிப் சுவிச்சுக்கு அது தெரியாது, அந்தப் பக்கம் மெயின்ஸிலிருந்து பிரிந்திருக்கிறது. நிறுத்திய பிறகும் கொண்டென்சரில் வோல்ட் நிற்கும். வடிகட்டிக்குக் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சோல்டர் பண்ணுங்கள். 47 மைக்ரோபரட் என்றால் ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். அதன் பிறகும் அளந்து பார்த்தே கையை வைக்கவேண்டும், மற்றக் கை சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.

இரைச்சலைக் காதாலேயே பிரித்தறியலாம், கிற்றார்காரருக்கு அது இன்னும் எளிது. வடிகட்டல் போதாவிட்டால் வருவது 100 ஹேர்ட்ஸ். தடித்த கம்பியில் மூன்றாவது பிரெட்டை அழுத்தினால் வரும் 98 ஹேர்ட்ஸுக்கு ஒரு மயிரிழை மேலே. அந்தச் சுரம் இரைந்தால் கொண்டென்சரைக் கூட்டுங்கள். அதற்கு ஓர் ஒக்ரேவ் கீழே இரைந்தால் 50 ஹேர்ட்ஸ். ஹீற்றர் வயர் முறுக்கப்படவில்லை, அல்லது உள்ளீட்டு வயர் மெயின்ஸ் ரான்ஸ்போமருக்குக் கிட்டப் போகிறது. இன்வேர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரத்தால் அம்பிளிபயரில் கைவைக்காதீர்கள். சதுர அலை இன்வேர்ட்டர்கள் அப்படித்தான், சைன் அலை இன்வேர்ட்டர் வேண்டும். முதல் வால்வின் கிரிட்டில் 68 கிலோஓம் ரெசிஸ்டரைச் சொக்கற்றின் காலிலேயே வைத்துச் சோல்டர் பண்ணினால் கைபேசியின் இடறலும் பெருமளவு நிற்கும்.

முதன்முதல் கரண்ட் கொடுக்கும்போது மெயின்ஸோடு தொடராக 60 வாட் இழைப் பல்ப் ஒன்றை மாட்டுங்கள். பல்ப் முழு ஒளியில் எரிந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். நிறுத்தித் தேடுங்கள், ரான்ஸ்போமர் தப்பிவிட்டது. மங்கலாக நின்றால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து அளவெடுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் வாசித்துப் பார்க்கவேண்டாம்.

எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கபினற்றின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்: முதல் கொண்டென்சரில் 260, ஈஎல்84 அனோட்டில் 248, கதோட்டில் 8, ஈசிசி83இன் அனோட்டுகளில் 150 அளவு, கதோட்டுகளில் 1.2 என்று உங்களுக்கு வந்த எண்களை. பக்கத்தில் சர்க்கியூட்டையும் கையால் வரைந்து விடுங்கள். இந்த அம்பிளிபயர் நாளை முல்லைத்தீவுக்கோ மல்லாவிக்கோ போகும். அங்கே திறக்கிறவருக்கு உங்களைத் தெரிந்திருக்கத் தேவையில்லை. அளந்த நேரத்தில் மெயின்ஸ் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 215 வோல்டில் எடுத்த எண்களை மெயின்ஸ் 240 நிற்கும்போது பார்க்கிறவர், பழுதில்லாத வால்வைப் பழுதென்று கழற்றிவிடுவார்.